மார்பளவுப் படம்

என் அண்ணனைச் சாகவிட்டு வந்தவர் என்று என் அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிற மனிதரோடு நான் எரிமலை ஏறிக்கொண்டிருந்தேன். அவர் வேறு யாருமில்லை, என் புருஷன்தான்.

"மெதுவா வா, உலகு. வாயால மூச்சு இழுக்காத. கந்தகக் காத்து."

"மூச்சு விட எனக்குத் தெரியும். நீங்க முன்னால பாத்து நடங்க."

ஒரு வருஷமாக எங்களுக்குள் பேச்சு என்றால் இவ்வளவுதான். முன்பெல்லாம் நான் தொணதொணவென்று பேசிக்கொண்டே இருப்பேன், அவர் சாப்பிட்டுக்கொண்டே 'உம்' கொட்டுவார். எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் பேச விஷயம் இருந்தது. இப்போது நான் பேசுவதும் இல்லை, அவர் 'உம்' கொட்டுவதும் இல்லை.

நாங்கள் ஏறிக்கொண்டிருந்தது செலாரா. ஜாவாத் தீவின் கிழக்கே, ஒரு தேசியப் பூங்காவுக்கு நடுவில் சதா புகைந்துகொண்டிருக்கும் மலை. அதைப் படம் எடுக்க உலகம் முழுக்க இருந்து ஜனம் வருகிறது. என் அண்ணன் கோமதிநாயகமும் அப்படித்தான் வந்தான். அவன் கல்லூரியில் நிலவியல் வாத்தியார். அம்பாசமுத்திரத்தில் பிறந்து தாமிரபரணித் தண்ணீரில் குளித்து வளர்ந்தவனுக்கு நெருப்பு மலை மேல் என்ன பைத்தியமோ, லீவு விட்டால் போதும், எங்கே புகைகிறது என்று தேடிப் போய்விடுவான். கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை. போன வருஷம், "மாப்ள, நீரும் வாரும், சும்மா வீட்டுக்குள்ளேயே கெடந்து என்ன செய்யப் போறீரு" என்று என் புருஷன் தாணுவையும் இழுத்துக்கொண்டு போனான். போனது இரண்டு பேர். ஒருவர் நடந்து வந்தார், ஒருவன் பெட்டியில் வந்தான்.

அன்றிலிருந்து நான் அம்பையில் அம்மா வீட்டோடு இருக்கிறேன். அவர் நாகர்கோவிலில் இருக்கிறார். அடுத்த மாதம் அண்ணனுக்குத் தலைத்திவசம். அது முடிந்ததும் ஒரு முடிவு சொல்லிவிடு என்று அம்மா நெருக்கிக்கொண்டிருந்தாள். என்ன முடிவு என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தில்தான் இவர் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு வந்து, எக்ஸ்ரே அறை வாசலில் நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்திருந்தார்.

"ஒரே ஒரு தடவ அந்த எடத்துக்கு வா, உலகு. அங்க நின்னு எங்கிட்ட கேளு. அதுக்கு மேல நீ என்ன சொன்னாலும் சரி."

சரி என்றேன். அவரை நம்பி அல்ல. அந்த இடத்தில் நின்று அவர் முகத்தைப் பார்த்து, 'பொய்' என்று சொல்லிவிட்டு இறங்க வேண்டும் என்று ஒரு வெறி எனக்கு இருந்தது.

பூங்கா வாசலில் எங்களுக்கு ஆளுக்கொரு முகமூடியும், எனக்கு ஒரு தட்டானும் கொடுத்தார்கள். தட்டான் என்றால் பறக்கும் கேமரா. தட்டாம்பூச்சி போலவே தலைக்கு மேலே சுற்றிக்கொண்டு கூடவே வரும். நல்ல காட்சி அமைந்துவிட்டால் அதுவே எடுத்து, அதுவே வீட்டாரின் போன் குழுவுக்கு அனுப்பிவிடும். ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டுமென்று, சேர்ந்து ஏறுகிறவர்களுக்கு ஒன்றாவது கட்டாயம் வேண்டும் என்பது இங்கே சட்டம். போன வருஷம் அண்ணன் தன் சொந்தத் தட்டானைக் கொண்டுவந்திருந்தான். அது கடைசியாக அனுப்பிய படம்தான் எங்கள் குடும்பத்தை இரண்டாக்கியது.

அந்தப் படம் வந்தபோது நான் டியூட்டியில் இருந்தேன். பின்னால் புகை, வெள்ளிச் சாம்பல் சரிவு, காலை வெயில். நடுவில் அண்ணன் நிமிர்ந்து நின்று, பல் தெரியச் சிரிக்கிறான். 'ராசா மாதிரி இருக்கேண்ணே' என்று எழுதி ஒரு சிவப்பு இதயம் போட்டேன். சாயங்காலம்தான் சேதி வந்தது.

இவர் சொன்ன கதை வேறு. உச்சியிலிருந்து இறங்கும்போது காற்று திரும்பி விஷப்புகை கவிந்ததாம். அண்ணனுக்குத்தான் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டே, அவன் சுருண்டு விழுந்தானாம். இவர் முதுகில் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினாராம். ஒரு கட்டத்துக்கு மேல் முடியாமல், பாறை மறைவில் கிடத்திவிட்டு ஆள் கூட்டி வர ஓடினாராம். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்ததாம்.

இதை அவர் எங்கள் வீட்டு ஹாலில் நின்று சொன்னபோது, அம்மா போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"தூக்கிட்டு வந்தேரா? எந்த நேரத்துல? இந்தா நேரம் போட்டிருக்கு பாரும். எம் புள்ள ஒத்தையில சிரிச்சுக்கிட்டு நிக்கான். நீரு எங்க இருக்கீரு இதுல?"

"மெருகு ஏத்தியிருக்கும் அத்தை..."

அவ்வளவுதான். கூடியிருந்த சனமெல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது.

மெருகு என்னவென்று தெரியாதவர் இந்தக் காலத்தில் யாரும் இல்லை. படம் எடுக்கிற எந்தக் கருவியானாலும் அது உள்ளேயே இருக்கும். கண் மூடியிருந்தால் திறந்து வைக்கும். வேர்வையைத் துடைக்கும். கோணல்மாணலாக நின்றால் நேராக்கும். சுற்றுலா இடமென்றால் குறுக்கே வரும் அந்நியரை அழித்துவிட்டு நம்மை மட்டும் நிறுத்தும். மெருகு இல்லாத கேமராவை இப்போது யாரும் செய்வதில்லை. எல்லாருக்கும் இது தெரியும், ஆனால் தன் வீட்டுப் படத்தில் அது நடந்திருக்கும் என்று ஒருவரும் நினைப்பதில்லை. அதோடு, மாட்டிக்கொண்டவன் எவனும் முதலில் சொல்வது, 'மெருகு ஏத்தியிருக்கும்' என்பதுதான். தியேட்டரில் இன்னொருத்தியோடு இருந்தவனும் அதைத்தான் சொல்கிறான், பரீட்சையில் பார்த்து எழுதியவனும் அதைத்தான் சொல்கிறான். அதனால் நிஜமாகவே மெருகு ஏறியவன் சொல்வதற்கு வேறு வார்த்தை மிச்சமில்லாமல் போயிற்று.

"கண்ணத் தொறந்து வைக்கும்யா. சாவப்போறவன எந்திச்சு நிக்கவா வைக்கும்?" என்றாள் அம்மா. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. என் பிழைப்பே படம்தான். எக்ஸ்ரேக்கு மட்டும் மெருகு கூடாதென்று சட்டம் இருக்கிறது. உடைந்த எலும்பு உடைந்தே தெரியும். படத்தில் இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. தினம் அப்படிப் பார்த்துப் பழகிய கண், அண்ணன் படத்தையும் அப்படியேதான் பார்த்தது.

அப்புறம் அந்தப் படத்துக்குப் பிரேம் போட அம்மாவோடு பஜாருக்குப் போனேன். கடைக்காரர் கடைத்திரையில் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிக் காட்டினார். அண்ணன் அவ்வளவு பெரிதாக நின்று சிரித்ததை என்னால் பார்க்க முடியவில்லை. வெளியே ஓடிவந்து கடை வாசலில் நின்று அழுதேன். உள்ளே கடைக்காரர் குரல் கேட்டது.

"மலையெல்லாம் அருமையா விழுந்திருக்கும்மா. முழுசாவே போட்டுருவமே?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அம்மா சொன்னாள்: "மால போடுத படத்துக்குக் காலு எதுக்கு? மார்பளவு வெட்டிரும்."

வாஸ்தவம்தானே. எங்கள் வீட்டில் அப்பா, தாத்தா, சித்தப்பா எல்லாரும் மார்பளவில்தான் மாலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அண்ணனும் அந்த வரிசையில் போய்ச் சேர்ந்தான்.

மலைப்பாதையில் நல்ல கூட்டம். தரையெல்லாம் கறுப்புக் குழம்பு உறைந்து கிடந்தது, பாகு பொங்கி அடுப்பில் வழிந்து காய்ந்து போனதுபோல. இடுக்குகளில் மஞ்சள் மஞ்சளாகக் கந்தகம் பூத்திருந்தது. அங்கங்கே தரையே மூச்சு விடுவது மாதிரி ஆவி கிளம்பியது. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. இந்தக் கூறுகெட்டவன் எதற்காக ஓடி ஓடி வந்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

எங்களுக்கு முன்னால் ஒரு இளம் ஜோடி ஏறிக்கொண்டிருந்தது. அவள் களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டாள், அவன் எரிந்து விழுந்தான், அவள் பதிலுக்குத் தண்ணீர் பாட்டிலை வீசினாள். அந்த நேரம் பார்த்து அவர்கள் தட்டான் ஒரு படத்தை எடுத்துவிட்டது. இருவரும் போனைக் குனிந்து பார்த்தார்கள். படத்தில் தோளோடு தோள் சாய்ந்து நிற்கிறார்களாக்கும். உடனே இரண்டு பேருக்கும் முகம் மலர்ந்து, கையைக் கோத்துக்கொண்டு நடந்தார்கள்.

"பாத்தியா?" என்றார் இவர்.

"பாத்தேன். அதுக்கென்ன இப்ப?"

"சண்ட போட்டத அவங்களே மறந்துட்டாங்க. நாளைக்கு வீட்டுல கேட்டா, நல்லா இருந்தோம்னுதான் சொல்லுவாங்க. சத்தியமும் பண்ணுவாங்க."

நான் அவரைத் தாண்டி முன்னால் நடந்தேன்.

உச்சியைத் தொட்டுவிட்டு மறுபக்கம் இறங்கும் பாதையில் அவர் நின்றார். பாதை அங்கே சாம்பல் சரிவாகக் கீழே போகிறது. இந்தப் பக்கம் கூட்டம் இல்லை. முன்னால் யானை படுத்த மாதிரி ஒரு பாறை.

"இங்கனதான் கெடத்துனேன்."

பாறையில் கை வைத்தேன். காலை வெயிலிலும் அது சில்லென்று இருந்தது.

"தூக்க முடியலன்னு சொன்னீங்களே, எம்புட்டுத் தூரம் தூக்குனீங்க? நெசமாவே தூக்குனீங்களா? பயந்து ஓடிட்டேன்னு சொன்னாக்கூட நான் மன்னிச்சிருவேன். புகையில எவனுக்கும் பயம் வரும். ஆனா தூக்குனேன் தூக்குனேன்னு ஒரு வருசமாச் சொல்லுதீங்க பாத்தீங்களா, அதுதான் எனக்கு ஆகல."

"தூக்குனேன்."

"படத்துல நிக்கானே! நேரா நிக்கானே!"

"நான் அந்தப் படத்தப் பாத்ததில்ல, உலகு. அத்த போன நீட்டுனப்போ கண்ண மூடிக்கிட்டேன். ஹால்ல தொங்குதத மட்டுந்தான் பாத்திருக்கேன். எனக்குத் தெரிஞ்ச நாயகம் மச்சான் முகம் வேற. அது என் கழுத்துல கெடந்துச்சு."

"பொய்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை, காற்று திரும்பிவிட்டது.

மேலேயிருந்து புகை வந்த வேகத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு நொடி முன்னால் வானம் இருந்தது, அடுத்த நொடி இல்லை. அழுவதற்குத் தோதாக நான் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியிருந்தேன், புத்தி கெட்டவள். தொண்டைக்குள் மிளகாய்ப் பொடியைக் கொட்டியது மாதிரி இருந்தது. குனிந்தேன், இருமினேன், குடலே வெளியே வருவதுபோல வாந்தி எடுத்தேன். கண் தெரியவில்லை. கால் மடங்கியது.

அவர் தன் முகமூடியைக் கழற்றி என் மூஞ்சியில் அழுத்தினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். என் கையை இழுத்துத் தன் கழுத்தில் போட்டு, முதுகில் ஏற்றிக்கொண்டார். எனக்கு ஒரு எதிர்ப்பும் தோன்றவில்லை. சாம்பலில் அவர் கால் சறுக்குவதும், ஒவ்வொரு அடிக்கும் அவர் நெஞ்சு விசில் மாதிரி இழுப்பதும் என் உடம்புக்குள்ளேயே கேட்டது. சரிவில் பாதி தூரம் வந்ததும் புகை விலகி வெயில் அடித்தது. அங்கே இரண்டு பேரும் பொத்தென்று விழுந்தோம்.

என் சட்டைப்பையில் போன் கிணுங்கியது. தட்டான் படம் அனுப்பியிருந்தது.

பின்னால் புகை, சாம்பல் சரிவு, காலை வெயில். நடுவில் நான் மட்டும் நிமிர்ந்து நின்று, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். ராணி மாதிரி இருந்தேன்.

வாயோரம் வாந்தி இன்னும் காயவில்லை. என்னைச் சுமந்து வந்தவர் பக்கத்தில் கிடந்து மூச்சுக்குத் திண்டாடுகிறார். படத்தில் அவர் இல்லை. துண்டு கட்டியிருந்ததால் முகம் தெரியவில்லை. தட்டான் என் பேரில் வந்தது; முகம் தெரியாததால் மிஷினுக்கு அவர் அந்நியர். அந்நியரை அழித்துவிட்டு என்னை நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறது.

அப்புறம் என் கண் தானாகவே கீழே போனது. எக்ஸ்ரே என்பதே நிழல்தானே. வருஷக்கணக்காக நான் சம்பளம் வாங்குவது நிழல் பார்க்க. ராணி மாதிரி நிற்கிறவளின் காலடியில், சாம்பல் மேல் நீளமாக ஒரு நிழல் விழுந்திருந்தது. அது நிற்கிற நிழல் இல்லை. கூனிக் குறுகி நடக்கிற ஒருவர், அவர் முதுகில் துவண்டு கிடக்கிற இன்னொருவர். தொங்குகிற ஒரு கை கூடத் தெளிவாகத் தெரிந்தது. மெருகு வெளிச்சத்தில் இருப்பதைத்தான் திருத்தும் போலிருக்கிறது. இருட்டாகக் கிடப்பதை அது தொடவில்லை.

குடும்பக் குழுவில் மேலே மேலே தள்ளி அண்ணன் படத்தைத் திறந்தேன். ஒரு வருஷமாக எத்தனை தடவை திறந்திருப்பேன்! ஒவ்வொரு தடவையும் முகத்தைத்தான் விரல் வைத்துப் பெரிதாக்கினேன். இன்றுதான் காலைப் பெரிதாக்கினேன்.

அங்கேயும் அதே நிழல் கிடந்தது. கூனி நடக்கிறவர், கழுத்தருகே தொங்கும் துண்டு நுனி. முதுகில் என் அண்ணன்.

"ஏங்க," என்றேன். போனை அவர் முன்னால் நீட்டினேன். அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். நான் அவர் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். 'பாவி, பாவி' என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்போது அம்மாவின் வீடியோ அழைப்பு வந்தது. என் படம் குழுவில் போயிருக்குமே. அண்ணன் செத்த இடத்தில் என்னடி இளிப்பு என்று கேட்கப் போகிறாள். வாடி, இன்றைக்கு உனக்கு இருக்கு என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே எடுத்தேன்.

ஊரில் அப்போதுதான் விடிகிற நேரம். ஹாலில், அண்ணன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முகம் சாந்தமாக, லேசான சிரிப்போடு இருந்தது. ஆனால் குரல் பதறியது.

"ஏட்டி, உலகு! ஒனக்கு ஒண்ணும் இல்லியே? புகையில மாட்டிக்கிட்டியா? இப்ப மூச்சு நல்லா வருதா?"

"நல்லா இருக்கேம்மா. இவங்கதான் தூக்கிட்டு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டேன்.

நான் சிரித்துக்கொண்டு நிற்கிற படத்தைத்தானே இவள் பார்த்தாள்?

"அம்மா, நான் புகையில மாட்டுனது ஒனக்கு எப்படித் தெரியும்?"

திரையில் அந்தச் சாந்தமான சிரிப்பு அப்படியே இருந்தது.

"படத்துல நான் சிரிச்சுக்கிட்டுல்லா நிக்கேன். எங்கம்மா பாத்த நீ?"

"காலடியில," என்றாள் அம்மா.

"அப்படின்னா அண்ணன் படத்துல?"

"பிரேம் கடையில பெருசாக் காட்டுனாம்லா. அப்பவே பாத்துட்டேன். மருமவன் முதுகுல எம் புள்ள ஈரத்துணி மாதிரி தொங்கிக்கிட்டுக் கெடந்தான். அத எப்படிட்டி நான் ஹால்ல மாட்டி, தெனமும் வெளக்குப் பொருத்தி, பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்? அவன் சிரிக்கட்டும்னு வெட்டச் சொல்லிட்டேன்."

"அதுக்கு இவங்க மேல ஏம்மா பழி போட்ட? ஒரு வருசம்மா! எங்க ரெண்டு பேரையும் பிரிச்சு..."

"சிரிச்சுக்கிட்டிருந்தவன் செத்தாம்னா, எவனாவது கொன்னிருக்கணும்லாட்டி. இல்லன்னா படம் பொய்யாயிரும். படத்த விட்டா எங்கிட்ட அவன் வேற எங்க இருக்கான்?"

எனக்குத் திட்ட வரவில்லை. திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அம்மா இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தாள். வீடியோவுக்கும் மெருகு உண்டு. ஆனால் அவளுக்குப் பின்னால், விளக்கு வெளிச்சம் மங்கலாக விழுந்த சுவரில், அவள் நிழல் தலையில் அடித்துக்கொண்டு குலுங்கியது.

"அம்மா, வீடியோவ அமத்து. சும்மா பேசு, போதும்."

திரை இருண்டது. குரலுக்கு இன்னும் மெருகு வரவில்லை, அடுத்த வருஷம் வந்துவிடும் என்கிறார்கள். அதற்குள் என் அம்மா அழுவதை நான் கேட்டுவிட்டேன். அண்ணன் போன நாளிலிருந்து அவள் அப்படி அழுததில்லை.

அழுது ஓய்ந்ததும், "மருமவன் பக்கத்துல இருக்காரா?" என்றாள்.

"இருக்காங்க."

"குடு."

போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மா இந்த ஒரு வருஷத்தில் கேட்காமல் விட்டதைக் கேட்டாள்.

"கடைசியில என்ன சொன்னான்? வலி இருந்துச்சா அவனுக்கு? ஒண்ணையும் மறைக்காமச் சொல்லும்."

அவர் என்னைப் பார்த்தார். சொல்லுங்க என்று தலையாட்டினேன். போன வருஷம் அன்று காலையில் ஏற ஆரம்பித்தது முதல், ஒன்று விடாமல் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பக்கம் அம்மா 'உம்' கொட்டினாள். இந்தப் பக்கம் நானும்.